வாக்காளர் சேவைகள்: புதுச்சேரியில் ஒரு குடும்பம் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடியில் கிடைக்கும் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அந்த நாளுக்கு முன்பு, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் கிடைக்கும் சேவைக்குப் பாதிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே தேர்தல் ஆணையம்தான் என்றாலும், முதலாவதில் அதிகாரிகளே நம்மைத் தேடி வந்து உதவுகிறார்கள். இரண்டாவதில் நாம் விழிப்பாக இருந்தால் மட்டுமே வேலை முடிகிறது. வாக்களிப்பது குடிமகனின் கடமை என்று தேர்தல் வாரத்தில் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கடமை உண்மையில் தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே, யாரும் அதைப் பற்றிப் பேசாத ஒரு சாதாரண நாளில் தொடங்கிவிடுகிறது என்பதே எங்கள் வீட்டு அனுபவத்தில் நான் கண்டறிந்தது.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் புதுச்சேரியின் ஒரே தொகுதிக்கும் 2024 ஏப்ரல் 19 அன்று ஒன்றாக மக்களவைத் தேர்தல் நடந்தது. அதை ஒட்டி எங்கள் குடும்பத்தில் மூன்று விதமான வாக்காளர்கள் இருந்தோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, அம்மா மறைந்தபின் லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட, 85 வயதைக் கடந்த அப்பா ஒருவர். 2023 இறுதியில் 18 வயதை நிறைத்த மகள் இன்னொருவர். நானும் என் மனைவியும் வழக்கமாக வரிசையில் நின்று வாக்களிப்பவர்கள். ஆகவே புதிய பதிவு, முகவரி மாற்றம், வீட்டிலிருந்தே வாக்களித்தல், வாக்குச்சாவடி ஆகிய நான்கையும் ஒரே தேர்தலில் பார்க்க வாய்த்தது.

மகளின் பதிவு எளிதாக முடிந்தது. வோட்டர் ஹெல்ப்லைன் செயலியில் படிவம் 6-ஐ அவளே நிரப்பினாள்; வயதுச் சான்றையும் முகவரிச் சான்றையும் புகைப்படத்தையும் ஏற்றினாள்; வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்; சில வாரங்களில் அட்டை அஞ்சலில் வந்தது. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அந்த ஆண்டின் பட்டியலில் இடம் உண்டு என்பதால், பிப்ரவரியில் பிறந்த பிள்ளைகள் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார்கள். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாட்கள் நான்குமே தகுதி நாட்களாகிவிட்டன. 17 வயது நிறைந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம். கல்லூரி வாசலில் மாணவர்களுக்கு இதைச் சொல்பவர்கள் இன்னும் போதவில்லை. 1988-இல் நிறைவேறிய 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்துக் கொடுத்த மூன்று ஆண்டுகளை, விண்ணப்பிக்காமல் இருந்தே பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்பாவின் முகவரி மாற்றம்தான் எங்களை அலையவைத்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, தொகுதி மாறுகிறது, பட்டியலும் மாறுகிறது. எல்லை ஊர்களில் இதைத் தெளிவாக அறிந்தவர்கள் குறைவு. பாகூர், கன்னியக்கோயில் பக்கம் வீடும் கடலூரில் கடையும் வைத்திருப்பவர்கள், கடலூரில் பிறந்து புதுச்சேரியில் திருமணமாகி வந்த பெண்கள், இரண்டு பக்கமும் நிலம் உள்ள குடும்பங்கள் எனப் பலரின் பெயர்கள் இரண்டு பட்டியல்களிலும் இருப்பது இங்கே புதிதல்ல. புதிய ஊருக்கு வந்ததும் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்ந்துவிடுகிறார்கள். பழைய ஊரில் உள்ள பெயரை நீக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் ஒருவர் ஒரே இடத்தில் ஒரு முறைதான் பதிவு பெறலாம் என்கின்றன. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முகவரி மாறியவர்களுக்குரியது படிவம் 8. பழைய அட்டையின் எண்ணையே குறிப்பிட்டு விண்ணப்பிப்பதால், புதிய ஊரில் பெயர் ஏறும்போது பழைய ஊரில் அது நீக்கப்படுகிறது. தன் பெயர் இரண்டு இடங்களில் இருப்பதை ஒரு வசதியாக நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் அங்கே வாக்களிக்காவிட்டாலும், அந்தப் பெயரில் இன்னொருவர் வாக்களிப்பதற்கு நீங்களே கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

அப்பாவுக்காகப் படிவம் 8 கொடுத்தோம். கள ஆய்வுக்கு ஆள் வந்த நேரத்தில் நாங்கள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுச் சென்றவர் மறுபடி வரவில்லை; அண்டை வீட்டாரிடமும் கேட்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எந்தக் கடிதத்தின் வழியாகவும் எங்களுக்குத் தெரியவரவில்லை. செயலியில் குறிப்பு எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்த்த என் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தார். மறுபடி விண்ணப்பித்து, நேரில் சென்று, வாக்காளர் பதிவு அதிகாரியின் அலுவலகத்தில் பேசியபின் சரியானது. அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் செயலியைப் பார்க்கத் தெரியாத, அலுவலகத்துக்குப் போகத் துணையில்லாத ஒரு முதியவருக்கு, தன் பெயர் இல்லை என்பது வாக்குச்சாவடியின் வாசலில்தான் தெரியவரும். அப்போது செய்வதற்கு எதுவும் இருக்காது. ஏனென்றால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்பட்டுவிடுகிறது. 2024-இல் எங்களுக்கு அந்த நாள் மார்ச் 27. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரங்களுக்கு மேல் இருக்கும்போதே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இந்தக் குறைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட அளவில் முதல் மேல்முறையீடும், அதன் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம். நிராகரிப்புச் செய்தியே வந்து சேராதபோது இந்த நாள்கணக்கு யாருக்குப் பயன்படும்? அட்டை வழங்கப்பட்டதைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்க முடிகிற அமைப்புக்கு, நிராகரித்ததையும் காரணத்தோடு தெரிவிப்பது கடினமான வேலையாக இருக்க முடியாது. இந்தச் சேவையில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்று என்னிடம் கேட்டால், நான் கேட்பது இதைத்தான்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடுவீடாகக் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது, பட்டியலைப் பற்றிய பேச்சு முதல்முறையாகத் தேநீர்க் கடைகளுக்கும் வந்தது. 20 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் குறிப்பிட வேண்டியிருந்ததால், எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் மிகவும் திணறினார்கள். அந்தப் பணியின் நோக்கம், வேகம், முறை ஆகியவை பற்றி அரசியல் கட்சிகளுக்குள் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுக்குள் போகாமல் ஒரு பயனாளியாக நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் வந்தது, கொடுக்காதவர்களின் பெயர் வரவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் தெருவில் பத்து வீட்டுக்கு உதவினால் அதுவும் வாக்களிப்பதற்குச் சமமான வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தெரியாமல் பல வீடுகளில் பெரியவர்கள் வாக்களிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டவர்களும் படிவம் 12டி கொடுத்து இதைப் பெறலாம். முன்பு 80 என்று இருந்த வயது வரம்பு 2024 மார்ச்சில் 85 ஆக உயர்த்தப்பட்டது. அது எனக்கு ஏற்பில்லாத மாற்றம். 82 வயதில் முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கவே முடியாதவர்களை நாம் எல்லோரும் அறிவோம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் படிவம் கொடுக்கப்பட வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் தாமே படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதால் எங்களுக்கு அது சிரமமாக இருக்கவில்லை.

குறிப்பிட்ட நாளில் வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒளிப்பதிவாளர், காவலர் என்று ஒரு குழு வந்தது. வரும் நாளை முன்பே தெரிவித்திருந்தார்கள். வேட்பாளர்களும் விரும்பினால் தங்கள் முகவர்களை அனுப்பலாம். கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் அட்டைத் தடுப்பை வைத்து, அதற்குள் வாக்குச்சீட்டை வைத்தார்கள். இங்கே இயந்திரம் கிடையாது. தபால் வாக்கு என்பதால் காகிதச் சீட்டில் பேனாவால் குறியிட வேண்டும். அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. நான் அருகே செல்ல முயன்றபோது அந்தக் குழுவின் தலைவியான ஆசிரியை என்னை அன்போடு தடுத்துவிட்டு, “ஐயா, நீங்க மட்டும் பாருங்க, நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம், அவசரமே இல்ல” என்றார். ஒளிப்பதிவுக் கருவியும் சீட்டு தெரியாத கோணத்தில் நின்றது. அப்பா குறியிட்டு, மடித்து, உறையில் இட்டு, தாமே ஒட்டினார். பிறகு கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் அப்பாவின் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முதியவர்களின் வாக்கைக் குடும்பத்தில் ஒருவர் எடுத்துக்கொள்வதுதான் இந்த வசதியில் உள்ள மிகப் பெரிய ஆபத்து. எங்கள் வீட்டில் அது நடக்காமல் பார்த்துக்கொண்டவர் ஓர் அரசு ஊழியர். வீட்டு வாக்குக்கு விண்ணப்பித்தவர் பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போக முடியாது என்பதையும், குழு வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை மட்டுமே வருவார்கள் என்பதையும் விண்ணப்பிப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

வாக்குச்சாவடியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எங்கள் சாவடி அமைந்த அரசுப் பள்ளியில் சாய்தளமும் குடிநீரும் நிழற்பந்தலும் இருந்தன. வாக்காளர் தகவல் சீட்டில் வரிசை எண்ணும் பாக எண்ணும் தெளிவாக இருந்தன. அந்தச் சீட்டு மட்டுமே அடையாளச் சான்றாகாது என்பதை மறந்து வந்த சிலர் வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, புகைப்படத்தோடு கூடிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம் உள்ளிட்ட 12 ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். பொத்தானை அழுத்தியபின் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குள் வேட்பாளரின் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் 7 விநாடிகள் தெரிகின்றன. பலர் பொத்தானை அழுத்திய வேகத்திலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் முதலில் அந்த 7 விநாடிகளைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கருவியில் 16 பொத்தான்கள்தான் உண்டு என்பதால், வேட்பாளர்கள் அதிகமாகும்போது இரண்டாவது கருவியும் பக்கத்தில் வைக்கப்படுகிறது. பார்வை மங்கிய பெரியவர்கள் முதல் கருவியிலேயே தேடித் தயங்கி நிற்கிறார்கள். இதை உள்ளே போவதற்கு முன்பே சொல்ல வரிசையில் ஒரு தன்னார்வலர் இருந்தால் போதும்.

உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் திரும்பிப் போய்விட வேண்டாம். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதி, அடையாளத்தை நிரூபிப்பவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு, அதாவது இயந்திரத்துக்குப் பதிலாகக் குறியிடும் காகிதச் சீட்டு, தரப்பட வேண்டும் என்கிறது. மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் சீட்டுக் கொடுத்து, கடைசி ஆள் வாக்களிக்கும்வரை சாவடி திறந்திருக்கும் என்பதும் அறிந்துகொள்ள வேண்டியதே.

வாக்குக்குப் பணம் வாங்குவதைப் பற்றி, சேவை மதிப்பீட்டில் பேச வேண்டுமா என்று யோசித்தேன். பேசாமல் விடுவது நேர்மையாகாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது நடப்பதில்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதால் ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்றுதான் நடந்தது. முறையீட்டுக்காகத் தரப்பட்ட சிவிஜில் செயலியில் படமோ காணொளியோ அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் உறுதி. பெயரைத் தெரிவிக்காமலும் அனுப்பலாம். வசதி கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. பயன்படுத்துவதற்கு அயலாரைப் பற்றிய அச்சமே தடையாக இருக்கிறது. வாங்கியவர்களை ஏழ்மையைக் காட்டி நான் பழிக்க மாட்டேன், கொடுப்பவர்களை ஒருநாளும் மன்னிக்கவும் மாட்டேன்.

என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று மகள் கேட்டாள். அவளுக்குக் காட்ட நான் தொலைதூரம் போகவில்லை. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயிலில் 2016 சட்டமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். 2019-இல் அதே பகுதியை உள்ளடக்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவர் வென்றது 3,219 வாக்குகளில். முதலாவது எண்ணிக்கை எங்கள் தெருவின் ஒரு பக்கத்தில் இருக்கும் வாக்காளர்களைவிடக் குறைவு.

அப்பா அவளுக்கு வேறொன்றைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த சந்தன்நகரில், இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்வியை 1949 ஜூன் 19 அன்று மக்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். புதுச்சேரியில் அப்படி நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமை பெற்றது. இந்த மண்ணின் வரலாற்றில் மிகப் பெரிய கேள்விக்குச் சாதாரணக் குடியானவரும் மீனவரும் ஆலைத் தொழிலாளியும் தம் கையால் விடையளிக்கவில்லை. அவர்கள் சார்பில் 178 பேர் அளித்தார்கள். இணைப்புக்கு மக்கள் ஆதரவு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், தம் பாட்டனாருக்குக் கிடைக்காத ஒன்றைத் தம் பேத்தி செய்கிறாள் என்று அப்பா அன்று பெருமைப்பட்டார். நம் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு வகுத்த 11 அடிப்படைக் கடமைகளில் வாக்களிப்பது இல்லை. ஆஸ்திரேலியாவைப் போல வாக்களிக்காதவருக்கு அபராதமும் இங்கே கிடையாது. எவரும் வற்புறுத்தாமலேயே புதுச்சேரியின் சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சேவையின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அப்படிப்பட்ட வாக்காளர்களுக்கு இங்கே ஒரு தேர்தல் மட்டும் கிடைப்பதில்லை. 1880-இல் பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சி அமைப்புகள் உருவான ஊர் இது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பின் 2006-இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டு வந்தன. எங்கள் தெருவின் கழிவுநீர் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் சட்டமன்ற உறுப்பினரைத் தேடுகிறோம். கடலூரில் இருக்கும் என் அத்தை தம் வார்டு கவுன்சிலரைக் கைப்பேசியில் அழைக்கிறார். பட்டியலும் இயந்திரமும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் தயாராக இருக்கும் ஒரு பிரதேசத்தில் இந்தக் குறை மன்னிக்கத்தக்கதல்ல. ஆகவே எந்தத் தேர்தலுக்காக யார் வாக்குக் கேட்டு வந்தாலும், உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடக்கும் என்பதையே முதலில் கேட்கிறேன். அவர்கள் சொல்லும் பதிலைத் தேதியோடு மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாள்.